முகமூடி கழன்றால் பயம் போய்விடுமா?



விடுமுறை நாள்களில் பல வீடுகளில் எழும் ஒரு சின்னக் கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். பிள்ளை ரிமோட்டோடு வந்து நிற்கிறது. டிவியில் ஒரு கார்ட்டூன் படம். பாழடைந்த மாளிகை, முழு நிலவு, சுவரில் நகரும் ஒரு நிழல், அதைத் துப்பறியப் புறப்படும் ஒரு நாய். “அம்மா, இதைப் பார்க்கட்டுமா?” என்று கேட்கிறது பிள்ளை. என்ன சொல்வது?

இரண்டு பதில்கள் நம் நாக்கு நுனியிலேயே இருக்கின்றன. “கார்ட்டூன்தானே, பார்த்துக்கோ” என்பது ஒன்று. “பேய்ப் படமா? வேண்டவே வேண்டாம்” என்பது இன்னொன்று. முதலாமவர் படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார். இரண்டாமவர் படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். கேட்டு நிற்கும் பிள்ளையை இருவருமே பார்க்கவில்லை. அதற்கு வயது மூன்றா, ஏழா, பத்தா? விளக்கை அணைத்தால் அழும் பிள்ளையா, இருட்டிலும் ஓடித் திரியும் பிள்ளையா? பதில் அங்கேதான் இருக்கிறது.

இத்தகைய கதைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை முதலில் பார்ப்போம். மர்மக் கதை என்பது ஒரு முடிச்சு. தொடக்கத்தில் முடிச்சு விழுகிறது, நடுவில் இறுகுகிறது, கடைசியில் அவிழ்கிறது. இறுகும்போது வரும் படபடப்பும், அவிழும்போது வரும் நிம்மதிப் பெருமூச்சும் சேர்ந்தால்தான் அது இன்பம். முடிச்சு அவிழ்வதைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு இரண்டும் கிடைக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைக்கோ படபடப்பு மட்டுமே மிஞ்சுகிறது. அதைச் சுமந்துகொண்டுதான் அது இரவில் பாய்க்குப் போகிறது. ஆகவே, “இந்தப் படம் பயமாக இருக்குமா?” என்று மட்டும் கேட்டால் போதாது. “இதன் முடிச்சு அவிழ்வது என் பிள்ளைக்குப் புரியுமா?” என்றும் கேட்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ‘ஸ்கூபி-டூ’ தொடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் என்ற இருவர் உருவாக்க, ஹன்னா-பார்பெரா நிறுவனம் தயாரித்தது. அந்தக் காலத்தில் சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்களில் அடிதடி அதிகம் என்று அமெரிக்கப் பெற்றோர் குறைபட்டுக்கொண்டிருந்தார்கள். அடிதடி இல்லாத ஒன்றைத் தொலைக்காட்சியினர் தேடினார்கள். ஆனால், இந்தத் தொடரின் முதல் வடிவத்தைப் பார்த்த சி.பி.எஸ். நிர்வாகம், பிள்ளைகளுக்கு இது மிகவும் பயமாக இருக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டது. பிறகுதான் அந்தப் பயந்தாங்கொள்ளி நாயை முன்னுக்குக் கொண்டுவந்து, சிரிப்பைக் கூட்டி, தொடரை மாற்றி அமைத்தார்கள். நாம் இன்று கேட்கும் அதே கேள்வியை, அதை எடுத்தவர்களே அன்று கேட்டிருக்கிறார்கள்!

அந்தத் தொடரின் முதல் கதையில் ஓர் அருங்காட்சியகத்தில் கருப்பு இரும்புக் கவசம் ஒன்று நடமாடுகிறது. பேய் என்று எல்லோரும் நடுங்குகிறார்கள். கடைசியில் பார்த்தால், உள்ளே இருந்தவர் அருங்காட்சியகத்தின் காப்பாளரே. நல்ல ஓவியங்களை எடுத்துக்கொண்டு போலிகளை மாட்டிவைக்கும் திருட்டை மறைக்கத்தான் அந்த வேடம். முதல் தொடரின் கதைகள் அநேகமாக எல்லாமே இப்படித்தான் முடியும். பேய் என்று ஒன்றும் இல்லை, பேராசை பிடித்த ஒரு மனிதர் முகமூடி போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பெரியவர்களாகிய நமக்கு இது எவ்வளவு ஆறுதலான முடிவு! ‘பேய் இல்லை’ என்றல்லவா பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறது என்று மகிழ்கிறோம்.

ஆனால், சற்றுப் பொறுங்கள். முகமூடியைக் கழற்றிக் காட்டினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயம் போய்விடுமா?

அதே 1969-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ரீட்டா டிவ்ரீஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரிடம் மேனார்ட் என்ற சாதுவான பூனை ஒன்று இருந்தது. 3 வயது முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் அதைக் காட்டினார். பிள்ளைகள் அதைத் தடவிக்கொடுத்தார்கள். “இது என்ன?” என்று கேட்டதற்குப் பூனை என்றார்கள். பிறகு அவர் பூனையின் தலைப்பக்கத்தை மட்டும் ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்து, அதற்கு நாய் முகமூடி ஒன்றை மாட்டினார். வாலும் பின்கால்களும் பிள்ளைகளின் கண்ணெதிரிலேயே இருந்தன. வேறு விலங்கு எதுவும் வரவில்லை. முகமூடி மாட்டிய பூனையைக் காட்டி, “இப்போது இது என்ன?” என்று கேட்டார். 3 வயதுப் பிள்ளைகள் பலர், அது நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள். 6 வயதுப் பிள்ளைகளோ, வெளித்தோற்றம்தான் மாறியது, உள்ளே இருப்பது அதே பூனைதான் என்று தெளிவாக இருந்தார்கள்.

இதன் பொருள் என்ன? மிகச் சிறிய பிள்ளைக்குத் தோற்றம்தான் உண்மை. பேய் முகத்தோடு வந்தால் அது பேய். முகம் கழன்ற பிறகு அங்கே ஒரு மனிதர் நிற்கிறார் என்றால், பேய் மனிதராக மாறிவிட்டது. இன்னொரு முறை பேயாக மாறாது என்று யார் சொன்னது? நமக்கு ஆறுதல் தரும் அந்தக் கடைசிக் காட்சி, மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்னொரு திகில் காட்சியாகவே இருக்கலாம். ஆறேழு வயதில் அதே காட்சி வெற்றிச் சிரிப்பாக மாறுகிறது.

‘ஹல்க்’ என்ற பழைய அமெரிக்கத் தொடரை வைத்தும் இதே உண்மையைக் கண்டிருக்கிறார்கள். ஜோவன் கேன்டர் என்ற பேராசிரியரும் அவருடைய சக ஆய்வாளரும், சிறு பிள்ளைகள் எந்தக் கட்டத்தில் அதிகம் பயப்படுகிறார்கள் என்று கவனித்தார்கள். கதையில் ஹல்க் நல்லவர், ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுகிறவர். ஆனாலும், சாதாரண மனிதர் ஒருவர் கண்ணெதிரே பச்சை நிறப் பூதமாக மாறும் கட்டம்தான் பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளை நடுங்க வைத்தது. மூத்த பிள்ளைகள், “அவர் உதவிக்குத்தான் மாறுகிறார்” என்று கதையோடு போனார்கள். அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸ் இதை நன்றாக அறிந்திருந்தார். ஹல்க்காக நடித்தவருக்கு எப்படி வண்ணம் பூசுகிறார்கள் என்று படப்பிடிப்பு இடத்துக்கே போய்ப் பொறுமையாகக் காட்டினார்.

இப்போது ஒரே ஒரு படத்தை எடுத்து, இந்த அறிவைக்கொண்டு எடைபோட்டுப் பார்ப்போம். 2005-ஆம் ஆண்டு வெளிவந்த ‘வாலஸ் அண்ட் க்ரோமிட்: தி கர்ஸ் ஆஃப் தி வேர்-ராபிட்’ என்ற ஆங்கிலப் படம். இங்கிலாந்தின் ஆர்ட்மன் நிறுவனம் களிமண் பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படம். சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. ஓடும் நேரம் 85 நிமிடம். பழைய ஐரோப்பியக் கதைகளில் நிலவொளி பட்டால் மனிதன் ஓநாயாக மாறுவான் அல்லவா? அந்தக் கதையைக் கேலி செய்து, ஓநாய்க்குப் பதில் முயலை வைத்திருக்கிறார்கள்.

ஊரில் காய்கறிப் போட்டி நெருங்குகிறது. இரவில் ஏதோ ஒரு பெரிய மிருகம் வந்து தோட்டங்களை மேய்ந்துவிட்டுப் போகிறது. அதைப் பிடிக்கும் பொறுப்பு வாலஸுக்கும், வாய் பேசாத அவருடைய நாய் க்ரோமிட்டுக்கும். காலடித் தடத்தைப் பின்தொடரும் க்ரோமிட், அது தன் எஜமானின் படுக்கை அறைக்கே போவதைக் கண்டு திகைத்து நிற்கிறது. ஊரை அலைக்கழிக்கும் அந்த ராட்சத முயல் வேறு யாருமில்லை, வாலஸ்தான்!

இந்தப் படம் பிள்ளைகளுக்கு ஏற்றதா? அமெரிக்காவில் எல்லோரும் பார்க்கலாம் என்ற ‘ஜி’ சான்றிதழும், பிரிட்டனில் ‘யு’ சான்றிதழும் பெற்றிருக்கிறது. ஆனால், உள்ளே பாருங்கள். பாதிரியார் ஒருவர் இரவில் தன் ஆலயத்திலேயே அந்த மிருகத்திடம் மாட்டிக்கொண்டு அலறும் காட்சி இருக்கிறது. காட்டில் நிலவொளி பட்டதும் வாலஸின் உடல் வீங்கி மாறும் காட்சி இருக்கிறது. துப்பாக்கியோடு துரத்தும் வேட்டைக்காரர் இருக்கிறார். இவை எல்லாவற்றையும் விடக் கனமான இடம் கடைசியில் வருகிறது. உயரத்திலிருந்து விழுந்த வாலஸ் உயிரற்றவர்போல் கிடக்க, க்ரோமிட் அருகில் அமர்ந்து கலங்குகிறது. சிறிது நேரம் கழித்து, வாலஸுக்குப் பிடித்த பாலாடைக்கட்டியின் நாற்றம்தான் அவரை எழுப்புகிறது.

மூன்று நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தால், அந்த உருமாற்றக் காட்சி தாங்க முடியாததாக இருக்கலாம். ‘அப்பா மாதிரி இருக்கிற ஒரு நல்ல மாமா’ கண்ணெதிரே மிருகமாகிறார். அப்படியானால் நம் அப்பாவும் மாறுவாரா என்ற கேள்வி எழும். அதைக் கேட்கும் சொல்வளம் அதற்கு இருக்காது, இரவில் அழுகையாகத்தான் வெளிவரும். இந்த வயதுக்கு இப்படம் காத்திருக்கலாம். ஆறேழு வயதில், பக்கத்தில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். அவர்களுக்கு மிருகத்தைவிட, எஜமான் இறந்துபோனாரோ என்ற அந்தச் சில நொடிகள்தான் கனமாக இருக்கும். அண்மையில் வீட்டில் ஒரு சாவைப் பார்த்த பிள்ளையாக இருந்தால், அந்த இடத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்பது பத்து வயதில் படத்தின் நகைச்சுவை முழுவதும் பிடிபடும். படம் ஒன்றுதான், சான்றிதழும் ஒன்றுதான். பார்க்கும் பிள்ளைதான் வேறு.

அப்படியானால் சான்றிதழே வேண்டாமா? வேண்டும். அது நல்ல முதல் வடிகட்டி. நம் நாட்டில் இப்போது ‘யுஏ’ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இணையத் தளங்களில் வரும் படங்களிலும் இந்த வயதுக் குறிப்பைப் பார்க்கலாம். பிரிட்டனின் தணிக்கை அமைப்போ, ‘யு’ படங்களைக்கூட 4 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மனத்தில் வைத்தே மதிப்பிடுகிறது. ஆகவே, ‘யு’ என்றால் கைக்குழந்தைக்கும் ஏற்றது என்று பொருளல்ல. சான்றிதழ் தருகிறவர்களுக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

பழக்கமான பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். ஸ்கூபி-டூ என்றால் பயமில்லை என்று நினைத்து, 1998-ஆம் ஆண்டு வெளியான ‘ஸ்கூபி-டூ ஆன் ஸாம்பி ஐலண்ட்’ படத்தைப் போட்டுக்கொடுத்தால் என்ன ஆகும்? அதே நாய், அதே நண்பர்கள். ஆனால், அதில் வரும் பிணங்களும் பூனை மனிதர்களும் முகமூடிகள் அல்ல. முகமூடி என்று நினைத்து இழுத்துப் பார்க்கிறார்கள், முகமூடி எதுவும் இல்லை. கதையின் அடிப்படை விதியே மாறிவிட்டது. பழைய விதியை நம்பி உட்கார்ந்த சிறு பிள்ளைக்கு அது பெரிய அதிர்ச்சி.

சரி, ஒரு படத்தைப் பிள்ளைக்கு முன் நாம் எப்படிப் பார்ப்பது? முழுப் படத்தையும் பார்க்க எல்லோருக்கும் நேரம் இருக்காது. தொடக்கத்தில் ஒரு பத்து நிமிடம், நடுவில் கதை இறுகும் இடம், கடைசிப் பத்து நிமிடம் இவற்றையாவது பாருங்கள். பார்க்கும்போது ஐந்து காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பயமுறுத்துவது எந்த வடிவில் வருகிறது? கோரமான முகமா, உருமாற்றமா, வெறும் நிழலா? சிறு பிள்ளைகளுக்கு முகமும் உருமாற்றமும்தான் கடினம். இரண்டாவது, ஆபத்து யாருக்கு? ஊரார் காய்கறிக்கு ஆபத்து என்பது வேறு, கதையில் வரும் குழந்தைக்கோ தாய்க்கோ ஆபத்து என்பது வேறு. ‘கோரலைன்’ என்ற 2009-ஆம் ஆண்டுப் படத்தில், கண்களுக்குப் பதில் பொத்தான் வைத்த இன்னொரு அம்மா வருகிறாள். அடைக்கலம் தரவேண்டிய அம்மாவே அச்சமாகும்போது, பிள்ளை ஓடிப்போய் ஒளிய இடமில்லை. மூன்றாவது, இறுக்கத்துக்கும் சிரிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம்? பயந்த அடுத்த நிமிடமே நாய் தடுக்கி விழுந்தால் பிள்ளை மூச்சு விட்டுக்கொள்ளும். நான்காவது, முடிச்சு தெளிவாக அவிழ்கிறதா, அல்லது கடைசியில் மறுபடியும் ஒரு நிழலைக் காட்டி முடிக்கிறார்களா? ஐந்தாவது, இது எங்கே நடக்கிறது? தொலைதூர மாளிகையில் வரும் பேயைவிட, கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு உள்ளும் வரும் பேய்தான் இரவில் நம் வீட்டுக்கும் வந்துவிடும்.

பார்க்கும் விதத்திலும் கவனம் தேவை. பகலில் பார்க்கட்டும், விளக்கு எரியட்டும், ஒலி குறைவாக இருக்கட்டும். பயத்தில் பெரும்பங்கு இசையில்தான் இருக்கிறது. ஒரு திகில் காட்சியின் ஒலியை நிறுத்திப் பாருங்கள், பாதிப் பயம் போய்விடும். படுக்கப் போகும் முன் கடைசியாகப் பார்ப்பது இத்தகைய படமாக இருக்க வேண்டாம். “எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ரிமோட் உன் கையில்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அண்ணனுக்கு ஒன்பது, தங்கைக்கு நான்கு. வீட்டில் இருப்பதோ ஒரே டிவி. இதுதான் பல வீடுகளில் உண்மையான சிக்கல். சின்னவள் பொருட்டு அண்ணனுக்கு எப்போதும் மறுப்பதும் நியாயமில்லை. அவனுக்காக அவளை நடுங்கவிடுவதும் நியாயமில்லை. அவள் தூங்கும் நேரத்தில் அவன் பார்க்கட்டும். பிறகு, அவன் அவளுக்கு அந்தக் கதையை வாயால் சொல்லட்டும். வாய்க்கதையில் பூதத்தின் அளவைப் பிள்ளையே தீர்மானிக்கிறது. ஆனால், பார்த்ததை வைத்துத் தங்கையைப் பயமுறுத்தக் கூடாது என்பது நிபந்தனையாக இருக்கட்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் பிள்ளை பயந்துவிடும். அப்போது என்ன செய்வது? நான்கு வயதுப் பிள்ளையிடம், “அது பொம்மைடா, நிஜம் இல்லை” என்று எத்தனை முறை விளக்கினாலும் பெரிதாகப் பயன் இருக்காது. மடி, அணைப்பு, ஒரு வாய் தண்ணீர், பிடித்த பொம்மை, பக்கத்தில் ஒரு ஆள் இவைதான் அந்த வயதுக்கு மருந்து. ஏழு வயதுக்கு மேல் விளக்கம் கைகொடுக்கும். களிமண் பொம்மையை எப்படி நகர்த்திப் படம் எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுங்கள். வீட்டிலேயே மாவு பிசைந்து ஒரு முயல் செய்து பாருங்கள்.

படம் முடிந்ததும் ஓர் எளிய சோதனை உண்டு. “என்ன கதை, எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். பிள்ளை கடைசி வரை சொல்லி, “அப்புறம் பார்த்தா அது அந்த மாமாதான்!” என்று சிரித்தால், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பூதம் வந்த இடத்தோடு கதை நின்றுவிட்டால், அல்லது அதையே திரும்பத் திரும்பச் சொன்னால், பிள்ளை இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறது. அடுத்த பாகம் இப்போது வேண்டாம்.

அன்புப் பெற்றோரே, படங்களைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் நாம், நம் வாயிலிருந்து வருவதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். “சாப்பிடலைன்னா பூச்சாண்டி வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்” என்று சோறு ஊட்டுகிறோம். திரையில் வரும் பூதத்துக்காவது கடைசியில் முகமூடி கழல்கிறது. நாம் காட்டும் பூச்சாண்டிக்கு எந்த நாளில் முகமூடியைக் கழற்றினோம்? பயத்தைச் சோறூட்டும் கரண்டியாக்கிவிட்டு, பிறகு இருட்டில் தனியே போக மறுக்கும் பிள்ளையைப் பார்த்து, “இவ்வளவு பெரிய பையன், வெட்கமா இல்லை?” என்று கேட்பது எப்படிப் பொருந்தும்?

கடைசியாக ஒன்று. லேசாகப் பயமுறுத்தும் ஒரு நல்ல மர்மக் கதை, உரிய வயதில், உரிய துணையோடு பார்த்தால் பிள்ளைக்கு நன்மையே செய்யும். பயமாக இருந்தாலும் காலடித் தடத்தைப் பின்தொடரலாம், விளக்கைப் போட்டுப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. அதனால் என்றென்றைக்கும் தடுக்க வேண்டியதில்லை, தள்ளிப்போடலாம். “இப்போ வேண்டாம், அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்” என்பதும் ஒரு நல்ல பதிலே.

ஆனால், எந்த வயதிலும் பிள்ளை “பயமா இருக்கு” என்று சொல்லும்போது மட்டும் சிரிக்காதீர்கள். இன்று அது சொல்வது களிமண் முயலைப் பற்றி இருக்கலாம். நாளை பள்ளியில் மிரட்டும் ஒரு மாணவனைப் பற்றி இருக்கலாம். தொடக்கூடாத விதத்தில் தொட்ட ஒரு பெரியவரைப் பற்றியும் இருக்கலாம். முயலைப் பற்றிச் சொன்னபோது கேலிக்கு ஆளான பிள்ளை, அந்த நாளில் வாயைத் திறக்காது. அன்று மடியில் ஏற்றிக் கேட்டவரிடம்தான் ஓடி வரும். எந்தப் படம் ஏற்றது, எது ஏற்றதல்ல என்பதில் சில சமயம் நம் கணக்கு தவறலாம். பயந்த பிள்ளை நம்மிடம் வரும் வழி மட்டும் எப்போதும் திறந்திருக்கட்டும்.